நடுப்பெட்டி

என் கணவர் பொன்சிங்கின் வலது கையை நான் ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தேன். கேட்பதற்குப் பயங்கரமாக இருக்கும். ரத்தமெல்லாம் இல்லை, பயப்பட வேண்டாம். பெட்டியும் பெரிதில்லை, பள்ளிக்கூடப் பிள்ளையின் டிபன் டப்பா அளவுதான்.

முதலில் எங்கள் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி பிரையண்ட் நகரில் எங்கள் வீட்டு மாடி அறைதான் பதிவுக்கூடம். அவர் கீபோர்டு வாசிப்பார், நான் பதிவு செய்வேன். கல்யாணப் பாட்டு, ஞானப்பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம், தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் ஒரே மெட்டில் பாட்டு. கீழே உப்பு லாரி போனால் மைக்கில் கேட்கும். அதனால் வேலையை நிறுத்திவிட்டு, லாரி முனை திரும்பும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இருபது வருடமாக லாரிக்கும் லாரிக்கும் நடுவில்தான் எங்கள் இசை. எமிமாள் என்ற என் பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. கீபோர்டு பொன்சிங் வீட்டம்மா என்றால் ஆட்டோக்காரர் கேள்வி கேட்காமல் வாசலில் இறக்கிவிடுவார்.

ஏப்ரல் மாதம் ஒரு காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. மறுபடி எடுக்கக் குனிந்தவரால் எடுக்க முடியவில்லை. பக்கவாதம் என்றார்கள். பேச்சும் நடையும் ஒரு மாதத்தில் திரும்பின. வலது கை திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு மாடிக்கு ஏறினார். நான் பின்னாலேயே போனேன். கீபோர்டை முடுக்கினேன். இடது கை பழையபடி ஓடியது. வலது கை கட்டைகள்மேல் கிடந்தது. விரல்கள் நகர்ந்தன, சத்தம் வரவில்லை. ஒரு சரணம் முழுக்க இடது கை மட்டும் துணைக்கு ஆளில்லாமல் வாசித்தது. அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"துணியைப் போட்டு மூடிரு எமி."

மூன்று மாதம் அவர் மாடிப்படியை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தொலைக்காட்சியில் யாராவது பியானோ வாசித்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு.

ஆகஸ்டில் அந்தப் பெட்டியை வாங்கினேன். கீபோர்டுக்கும் பதிவுக் கருவிக்கும் நடுவில் மாட்டுகிற பெட்டி. புதிதாக வந்த சமாச்சாரம். வயதான வாத்தியக்காரர்களுக்கென்று செய்தது. அதற்கு ஒருவரின் பழைய வாசிப்பையெல்லாம் ஊட்ட வேண்டும். என்னிடம் இருபது வருட வாசிப்பு இருந்தது. பதினோரு நாள் ஊட்டினேன். பிறகு அவரிடம் பச்சையாகப் பொய் சொன்னேன்.

"ஏங்க, ரெக்கார்டர் புதுசு மாத்தியிருக்கேன். பழைய கீபோர்டு சரியாச் சேருதான்னு பாக்கணும். சும்மா ரெண்டு கட்டை தட்டிட்டுப் போங்க."

எரிச்சலோடுதான் வந்தார். பெட்டியைப் பார்த்ததும் இன்னும் எரிச்சல்.

"இது எதுக்குளா நடுவுல?"

"இணைக்கதுக்கு."

"நடுவுல எது வந்தாலும் சத்தம் லேட்டாகும். ஒயர நேரா மாட்டு."

இது அவருடைய நிரந்தரப் புலம்பல். கல்யாணமான புதிதில் நான் ஒரு எக்கோ கருவி வாங்கியபோதும் இதையேதான் சொன்னார். நான் காதில் வாங்காமல் முடுக்கினேன்.

அவர் இரண்டு கையையும் வைத்தார். வாசித்தார். அறை முழுக்கச் சத்தம் நிறைந்தது. வலது கையின் மெட்டு, அவருக்கே உரிய அந்தக் குழைவு, வரியின் கடைசியில் கொஞ்சம் இழுத்து விடுகிற அந்தச் செல்லம், எல்லாம் இருந்தது. நடுவில் நிறுத்திக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எமி, நரம்பு திரும்புது போலருக்கு."

"ஆமா," என்றேன். அழுதேன். அன்றைக்கு நான் எதற்கு அழுதேன் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்திருக்கிறேன். என் பழைய மனுஷன் வந்துவிட்டான் என்றுதான் அழுதேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்காக அழவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அதற்குப் பிறகு வீடு வீடானது. அவர் சாப்பிட்டார், சிரித்தார், பக்கத்து வீட்டு நாயிடம் வம்பு பேசினார். நான்கு பாட்டுகள் பதிவு செய்து அனுப்பினோம். கேட்டவர்கள் எல்லோரும் பொன்சிங் அண்ணாச்சி பழையபடி வாசிக்கிறார் என்றார்கள். பழையபடி என்பது எனக்கு மட்டும் சுருக்கென்று குத்தும்.

அவருக்குக் கைப்பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் ரெஹானா வருவாள். காயல்பட்டினத்துப் பெண், இருபத்தாறு வயது, பேச்சில் காரம். அக்டோபரில் ஒருநாள் அவர் வாசிப்பதை மாடியில் நின்று பார்த்துவிட்டு என்னை அடுப்படிக்கு இழுத்து வந்தாள்.

"அக்கா, அண்ணாச்சியால அந்தக் கையால தண்ணி டம்ளரத் தூக்க முடியல. அவ்வளவு சத்தம் எங்கருந்து வருது?"

மறைக்க முடியவில்லை. சொன்னேன்.

"ரெஹானா, கீபோர்டுலருந்து ரெக்கார்டருக்குப் போற ஒயருக்குள்ள சத்தம் போவாது. எந்தக் கட்டைய எப்பத் தொட்டாரு, எவ்வளவு அழுத்துனாரு, எப்ப விட்டாரு, அது மட்டுந்தான் போவும். அதப் படிச்சு ரெக்கார்டர்தான் சத்தம் போடும்."

"சரி."

"இருபது வருசமா அவிய தொட்ட தொடல் பூரா எங்கிட்ட இருக்கு. அத அந்தப் பெட்டிக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். விரலு லேசாப் பட்டாப் போதும், இவிய என்ன வாசிக்க நினைக்காவன்னு பெட்டிக்குத் தெரிஞ்சுரும். பலம் இல்லன்னா பலத்தச் சேத்துரும். விரலு தப்புனா சரியான கட்டைய அதுவாப் போட்டுரும்."

"கீபோர்டு தானாச் சத்தம் போடாதா?"

"அத அமத்தி வச்சிருக்கேன். ரெக்கார்டர் வழியா மட்டுந்தான் கேக்கும். இல்லன்னா ரெண்டு சத்தமும் சேந்து குட்டு வெளிப்பட்டுரும்."

ரெஹானா அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அண்ணாச்சிய இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு நடக்காருன்னு சொல்லுதிய அக்கா. தடவுனாலே சத்தம் வந்தா கை எதுக்கு அழுத்தும்? ரெண்டு மாசமா அந்தக் கையில பலம் ஏறவே இல்ல. இப்ப விட்டுட்டா அப்புறம் வர்றது கஷ்டம். பெட்டிய எடுத்துருங்க."

"எடுத்தா மறுபடி துணியப் போட்டு மூடிருவாரு ரெஹானா."

"அப்பக் கொஞ்சங் கொஞ்சமாக் குறைங்க."

பெட்டியில் அதற்கு வழி இருந்தது. அதன் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்று என் கைப்பேசியில் ஒரு எண் காட்டும். அதைத் தொண்ணூற்றைந்து ஆக்கினேன். நான்கு நாள் கழித்துத் தொண்ணூறு. பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பதுபோல அவருக்குத் தெரியாமல் செய்தேன். அங்கங்கே ஒரு சத்தம் மெலியும். அவர் முகம் சுளிப்பார், அடுத்த முறை கொஞ்சம் அழுத்துவார். நவம்பர் கடைசியில் அறுபதுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதே சமயம் ரெஹானா தங்கையின் பிரசவத்துக்கென்று மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டாள்.

எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெள்ளையடிக்காத வீடு இருக்காது. மாடி அறையிலிருந்த எல்லாவற்றையும் கழற்றி நடுவில் குவித்துப் போர்வையால் மூடினோம். வெள்ளையடித்து முடிந்த அன்று நான் கீழே பெயிண்டரிடம் ஜன்னலில் சிந்திய சுண்ணாம்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மேலே வந்து பார்த்தால் அவர் எல்லாவற்றையும் எடுத்து வைத்து ஒயர்களையும் மாட்டிவிட்டிருந்தார். இடது கையாலேயே செய்ததாகச் சொல்லி, பரிசு வாங்கின பையன்போல நின்றார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கைப்பேசியில் அறுபது என்று காட்டியது. சரி என்று உட்கார்ந்தேன்.

அவர் வாசித்தார். பாதி மெட்டைக் காணவில்லை.

விரல் ஓடுகிறது, சத்தம் ஓட்டை ஓட்டையாக வருகிறது. அவர் நிறுத்தினார். மறுபடி வாசித்தார். மறுபடியும் அப்படியே. அவர் முகத்தில் ஒரு பயத்தைப் பார்த்தேன். ஏப்ரலில் பிரஷ்ஷை எடுக்கக் குனிந்தபோது இருந்த அதே முகம்.

நான் அவசரப்பட்டுக் குறைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அன்று மாலை அவர் என்னைக் கூப்பிட்டு, தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் மாட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். இருபது வருடமாக யாருக்கும் சொல்லாத ரகசியம் அது.

"இப்ப எதுக்குங்க இது?"

"தெரிஞ்சு வச்சுக்கிடு. மறுபடி ஒண்ணு வந்துச்சுன்னா நீ தண்ணிக்குக் கஷ்டப்படக் கூடாதுல்லா."

இன்னொரு தாக்கு வரப்போகிறது என்று நினைத்துவிட்டார். உடனே எண்ணை எழுபத்தைந்துக்கு ஏற்றினேன். மறுநாள் எண்பது. அவர் பயத்திலேயே வாசித்தார். காலையில் பலகாரம் சாப்பிட்ட கையோடு மேலே போனால் மத்தியானம் வரை இறங்க மாட்டார். பயிற்சி இல்லை அது, சண்டை. ஒவ்வொரு கட்டையாகக் குத்துவார். நெற்றியெல்லாம் வேர்த்து வழியும். எண்ணைத் தொண்ணூறுக்கு ஏற்றினேன். கொஞ்சங் கொஞ்சமாகச் சத்தம் திரும்பியது. ஒருநாள் ஓட்டைகள் குறைந்தன. இன்னொரு நாள் ஒரு சரணம் முழுதாக வந்தது. அப்பாடா, தொண்ணூறு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ரெஹானாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை ஒரு பக்கம்.

டிசம்பர் மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை அவர் எங்கள் வேதக்கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏளா எமி, ஞாயித்துக்கிழம சாயங்காலம் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்கு நாந்தான் வாசிக்கேன். பாடகர் குழுக்காரங்க கேட்டாங்க. சரின்னுட்டேன்."

"எந்தக் கீபோர்டுல?"

"கோயில்ல இருக்கதுலதான். இதப் போயி யாரு தூக்கிக்கிட்டு அலைய? ரெஹானாட்டயும் போன்ல சொல்லிட்டேன், இனிமே வரவேண்டாம்மா, கை சரியாயிட்டுன்னு."

நான் கையிலிருந்த கரண்டியை வைத்தேன். கோயில் கீபோர்டில் என் பெட்டி இல்லை. அறுநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். முதல் பாட்டுக்கு அவர் கையை வைப்பார், இடது கை மட்டும் சத்தம் போடும். அந்தக் காட்சியை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்படி நடந்தால் கீபோர்டு மட்டுமல்ல, மனுஷனே மூடிக்கொள்வார்.

சனிக்கிழமை மத்தியானம் மாடிக்குப் போனேன். கேரல் பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். அழகாக வந்தது. அந்த அழகுதான் என்னைக் கொன்றது. கீழே ஒரு லாரி வந்தது. பழக்கத்தில் நிறுத்தினார். லாரி முனை திரும்பும்வரை என் முகத்தைப் பார்த்தார். இதைவிட்டால் வேறு நேரம் வராது.

"நான் உங்களுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கேன்."

சொன்னேன். பெட்டி எதற்கு என்று சொன்னேன். ஊட்டியது, ஏற்றியது, இறக்கியது, ரெஹானா சொன்னது, அனுப்பிய நான்கு பாட்டு, எல்லாம்.

"இப்ப எவ்வளவு?" என்றார் கடைசியில்.

"தொண்ணூறு."

"நூத்துக்கா?"

"ம்."

"அப்ப நான் பத்து."

நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "நீங்க மாடிக்கே வரமாட்டேன்னு இருந்திய. சாப்பிடல. எனக்கு உங்களப் பாக்கச் சகிக்கல. நான் வேற என்ன செய்ய?"

"அழாத." கீபோர்டுப் பக்கம் திரும்பினார். "அந்தப் பெட்டிய எடு. பத்த மட்டும் கேட்டுக்கிடுதேன். நாளைக்கு ஊரு கேக்கதுக்கு முன்ன நான் கேக்கணும்லா."

மேஜைக்குப் பக்கத்தில் போய்ப் பெட்டியின் மின்சார ப்ளக்கைப் பிடுங்கினேன். மின்சாரம் இல்லாவிட்டால் அது எதையும் சேர்க்காமல், வாசிப்பை அப்படியே ரெக்கார்டருக்குக் கடத்திவிடும். பச்சை விளக்கு அணைந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் சுவரைப் பார்த்தபடி நின்றேன். புதுச் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை.

அவர் வாசிக்க ஆரம்பித்தார்.

பல்லவி வந்தது. வலது கையின் மெட்டோடு வந்தது. பெட்டிக்குள் பேட்டரி இருக்கும்போல என்று நினைத்து, பெட்டியிலிருந்து ரெக்கார்டருக்குப் போகும் ஒயரையும் உருவினேன். பெட்டி இப்போது என் கையிலிருந்தது, ஒயர் வால்போலத் தொங்கியது. இனி எந்தச் சத்தமுமே வரக் கூடாது. அவர் சரணத்துக்குப் போனார். மெட்டு நிற்கவில்லை. மேலே ஏறும் இடத்தில் சுண்டுவிரல் கொஞ்சம் பிந்தியது, ஆனால் வந்துவிட்டது.

நான் தரையில் குப்புறப் படுத்து மேஜைக்கு அடியில் நுழைந்தேன். கீபோர்டிலிருந்து புறப்பட்ட ஒயர் நேராக ரெக்கார்டரின் முதல் துளையில் போய்ச் செருகியிருந்தது. என் பெட்டி இரண்டாவது துளையில் தன்னந்தனியாக மாட்டியிருந்திருக்கிறது. அதற்குள் எதுவும் வரவில்லை. எதுவும் வராத பெட்டிக்குத்தான் நான் எழுபத்தைந்து, எண்பது, தொண்ணூறு என்று ஏற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் சரியில்லையென்றால் முதலில் ஒயரைப் பார் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! குற்றமுள்ள நெஞ்சு, ஒயரைப் பார்க்காமல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டது.

"இத யாரு மாட்டுனது?" மேஜைக்கு அடியிலிருந்தே கத்தினேன்.

வாசிப்பு நின்றது.

"நாந்தான். வெள்ளையடிச்ச அன்னைக்கு. ஏன்?"

"பெட்டிக்குள்ள ஏன் விடல?"

"நடுவுல எது வந்தாலும் சத்தம் லேட்டாகும்னு சொன்னேம்லா. நீ பெட்டி பெட்டின்னு கிடக்கியேன்னு அதையும் ஓரமா மாட்டி வச்சேன். விளக்கு எரிஞ்சா உனக்குச் சந்தோசம்."

வெளியே வந்தேன். தலைமுடியெல்லாம் ஒட்டடை. அவர் வலது கையைக் காட்டிச் சொன்னேன்.

"மூணு வாரமா... மூணு வாரமா நீங்க மட்டுந்தான்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். பிறகு அதை மெதுவாக என் தலைமேல் வைத்து ஒட்டடையை எடுத்துவிட்டார். ஒவ்வொரு நூலாகத்தான் எடுக்க முடிந்தது.

நான்கு பாட்டையும் திரும்ப வாசித்துத் தருவதாக அவரே எல்லோருக்கும் போன் செய்து சொன்னார். ரெஹானாவையும் கூப்பிட்டு, திங்கட்கிழமை வந்துருமா, வராம இருந்துராத என்றார். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்று கேட்டார்.

"அந்தப் பெட்டிக்காரன் தனியா வாசிச்சா எப்படி இருக்கும்? ஒருதரம் போடு."

போட்டேன். இருபது வருடப் பொன்சிங் ஒரு பிசிறில்லாமல் வாசித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கையும் எனக்கு வேண்டியதுதான்.

"நல்லா வாசிக்கான்," என்றார் அவர். "இந்தப் பய யாருளா?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தேன். ஏப்ரலிலிருந்து அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது நான்தான். காப்பியைக்கூட இடது கையில்தான் கொடுப்பேன். பழக்கத்தில் முதல் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டார்.

"நீயும் நடுவுல வராத."

வலது கையாலேயே ஆரம்பித்தார். ஒரு பொத்தான் துளைக்குள் போக எவ்வளவு நேரம் ஆகுமென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கோயிலில் முதல் மணி அடித்தது. மூன்றாவது பொத்தான் மூன்று தரம் நழுவியது. இரண்டாம் மணியும் அடித்துவிட்டது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசிப் பொத்தானைப் போட்டு நிமிர்ந்தபோதுதான் ஒரு துளை மாறிப் போட்டிருப்பது தெரிந்தது. கழுத்தில் ஒரு பக்கம் மேலே ஏறி, இன்னொரு பக்கம் கீழே இறங்கியிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு, வாங்க," என்றேன். அப்படியே கோயிலுக்குப் போனோம்.